ஒற்றை ஆளாகச் சர்வர் பார்க்கும் உங்களுக்கு

மில்லிலும் கல்லூரியிலும் கிளினிக்கிலும் கடன் சங்கத்திலும் தனியாக உட்கார்ந்து சர்வர் பார்க்கும் தம்பி தங்கைகளே,

பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள். கேமராவில் படம் வரவில்லை என்றாலும் உங்களைத்தான். முதலாளி வீட்டு வைஃபை நின்றுபோனால் ஞாயிற்றுக்கிழமை காலையிலும் உங்களைத்தான். இதற்கு நடுவே, மாடிப்படிக்குக் கீழே ஏசி போட்ட ஒரு சின்ன அறையில், இரண்டு லினக்ஸ் ஹோஸ்ட்களும் அவற்றின்மேல் பத்துப் பதினைந்து விஎம்களும் உங்களை நம்பி ஓடுகின்றன. அந்த அறையில் என்ன இருக்கிறது என்று உங்கள் அலுவலகத்தில் வேறு ஒருவருக்கும் தெரியாது. பெரிய ஐடி கம்பெனிகளில் ஷிஃப்ட் உண்டு, மாற்று ஆள் உண்டு, ராத்திரி எழுப்பிக் கேட்க ஒரு சீனியர் உண்டு. உங்களுக்கு அதெல்லாம் வாய்க்கவில்லை. கோவைப் பக்கம் இருபது வருடமாக நானும் இப்படியே ஒற்றை ஆளாக இருப்பவன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2023 நவம்பரில் விஎம்வேரை பிராட்காம் வாங்கியது. அடுத்த மாதமே, ஒரு தடவை பணம் கட்டி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் விற்பனை நின்று சந்தா முறை வந்தது. 2024 பிப்ரவரியில் இலவச ஈஎஸ்எக்ஸ்ஐயும் போனது. 2025 ஏப்ரலில் அது திரும்ப வந்தது. ஆனால் அதற்குள் புது விலைப்பட்டியலைப் பார்த்த பல முதலாளிகள் முடிவெடுத்துவிட்டார்கள். "ஓசியில ஏதோ இருக்குதாமாங்க, அதுக்கு மாத்திப் போடுங்க தம்பி" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். நீங்களும் மாற்றுகிறீர்கள். பகலில் ஆள்கள் வேலை செய்வதால் ராத்திரி பத்து மணிக்குமேல் உட்கார்ந்து, ஒவ்வொரு விஎம்மாக ப்ராக்ஸ்மாக்ஸுக்கோ வெறும் கேவிஎம்முக்கோ கொண்டுவருகிறீர்கள்.

எனக்கு அதில் மகிழ்ச்சிதான். கேவிஎம் இரண்டாந்தரச் சரக்கு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏவி கிவிட்டி எழுதிய அந்தக் குறிநிரல் 2007 பிப்ரவரியில் வெளிவந்த 2.6.20 கர்னலிலேயே சேர்ந்துவிட்டது. கூகுளின் கிளவுட் ஓடுவதும் கேவிஎம்மின் மேல்தான். அமேசான் 2017-ல் கொண்டுவந்த நைட்ரோ ஹைப்பர்வைசரும் அதிலிருந்து வந்ததுதான். கருவி நல்ல கருவி. என் கவலை வேறு. காசு கட்டி வாங்கியதோடு ஒரு போன் நம்பரும் வந்தது. ஓசியில் வந்ததோடு அது வரவில்லை. தவறு நடந்தால் இனி கேட்பதற்கு ஆள் நீங்கள், பதில் சொல்வதற்கும் ஆள் நீங்கள். அந்த இடத்தில் ஒருமுறை நின்றவன் நான்.

2017, தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. நான் இன்றும் பார்த்துக்கொள்ளும் தொழிற்சாலையில் அப்போது உபுண்டு போட்ட இரண்டு ஹோஸ்ட்கள். ஒன்றில் ஒரு விண்டோஸ் விஎம். அதில் டேலி கணக்கும், தொழிலாளர்கள் விரல் வைக்கும் வருகைப்பதிவு மென்பொருளும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஹோஸ்ட்டின் டிஸ்க் 96 சதவீதம் நிரம்பிவிட்டதாகத் தெரிந்தது. லிப்வர்ட் இமேஜஸ் டைரக்டரியைத் திறந்து பார்த்தேன். அந்த விஎம்மின் பெயரில் இரண்டு ஃபைல்கள். ஒன்று 180 ஜிபி. கடைசியாக அதில் எழுதப்பட்ட தேதி பதினான்கு மாதத்துக்கு முந்தையது. இன்னொன்று 90 ஜிபி. அன்றைய தேதி, அந்த நிமிடத்து நேரம். நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு அழிக்கவில்லை. விர்ஷில் டாம்பிளாக்லிஸ்ட் கொடுத்து, இந்த விஎம் எந்த ஃபைலைப் பயன்படுத்துகிறது என்று கேட்டேன். சின்ன ஃபைலின் பெயரை மட்டும் காட்டியது. பெரியது பழைய குப்பை என்று முடிவுகட்டி ஆர்எம் அடித்தேன்.

உங்களில் பாதிப் பேருக்கு இந்நேரம் வயிற்றைக் கலக்கியிருக்கும். மீதிப் பேருக்காகச் சொல்கிறேன். எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு பேக்கப் ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தார். ஞாயிறுதோறும் அது ஒரு ஸ்னாப்ஷாட் எடுக்கும். அந்த நொடியிலிருந்து பழைய ஃபைல் உறைந்து நிற்கும். புதிய எழுத்தெல்லாம் மேலே போர்த்திய புது ஃபைலுக்குப் போகும். உறைந்த ஃபைலை வெளி டிஸ்க்குக்குக் காப்பி எடுத்து முடித்ததும், மேலே சேர்ந்ததைக் கீழே கலந்துவிட வேண்டும். நல்ல முறைதான். ஆனால் பதினான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு, வெளி டிஸ்க் நிரம்பி, காப்பி பாதியில் நின்றது. ஸ்கிரிப்டும் அங்கேயே நின்றது. கலப்பது நடக்கவில்லை. அடுத்தடுத்த வாரங்களில் அதே பெயரில் ஸ்னாப்ஷாட் ஃபைல் ஏற்கனவே இருக்கிறது என்று தொடக்கத்திலேயே விழுந்தது. ஒவ்வொரு வாரமும் ஒழுங்காகப் புகார் மெயில் அனுப்பியிருக்கிறது, வேலையை விட்டுப்போன அந்த மனிதரின் முகவரிக்கு. ஆக, நான் குப்பை என்று அழித்தது அடித்தளம். சின்ன ஃபைலில் இருந்தது அந்தப் பதினான்கு மாத மாற்றங்கள் மட்டுமே. டாம்பிளாக்லிஸ்ட் மேல்தட்டை மட்டுந்தான் காட்டும். அடியில் எத்தனை தட்டு இருக்கிறது என்று தெரிய, கியூஎமு-இமேஜ் இன்ஃபோவை பேக்கிங்-செயின் என்ற தெரிவோடு கேட்க வேண்டும். அது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

அழித்தபின் டிஎஃப் அடித்துப் பார்த்தேன். டிஸ்க் அதே 96-ல் நின்றது. 180 ஜிபி போயும் இடம் ஏன் காலியாகவில்லை? அந்தக் கேள்விக்கு அந்த நிமிடமே விடை தேடியிருந்தால் இந்த மடலுக்கே வேலை இல்லை. போன் அடித்தது, டெஸ்பாட்ச்சில் பிரிண்டர் ஓடவில்லை. எழுந்து போய்விட்டேன்.

விடை இதுதான். லினக்ஸில் ஒரு ஃபைலை ஏதாவது ஒரு புராசஸ் திறந்து பிடித்துக்கொண்டிருந்தால், ஆர்எம் அழிப்பது அதன் பெயரைத்தான். உள்ளடக்கம் அந்தப் புராசஸ் கையை விடும்வரை டிஸ்க்கில் அப்படியே இருக்கும். விஎம் ஓடிக்கொண்டிருந்தது, அதன் கியூஎமு புராசஸ் அந்த அடித்தளத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, நான்கு நாளும் கணக்கு ஓடியது, ஆள்கள் விரல் வைத்தார்கள், யாருக்கும் ஒரு குறையும் இல்லை. அந்த நான்கு நாளில் எந்த நிமிடமும் ப்ராக் டைரக்டரிக்குள் போய், அந்தப் புராசஸின் எண்ணுக்குக் கீழே எஃப்டி என்ற இடத்தில் பார்த்திருந்தால், 'டெலீட்டட்' என்ற குறியோடு அந்த ஃபைல் கிடந்திருக்கும். ஒரே ஒரு காப்பி கட்டளை. அதுவும் உறைந்த ஃபைல் என்பதால் ஒரு பைட்கூடப் பிசகாமல் வந்திருக்கும்.

சனிக்கிழமை எங்கள் துணைமின் நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு. காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்துவரை கரண்ட் இருக்காது என்று முந்தின நாள் பேப்பரில் போட்டிருந்தார்கள். "ஒரு நாளு தானுங்க, எல்லாத்தையும் ஆஃப் பண்ணிப் போடுங்க தம்பி" என்றார் முதலாளி. நானும் மிகுந்த ஒழுக்கத்தோடு, ஒவ்வொரு விஎம்மாக ஷட்டவுன் கொடுத்து, கடைசியில் ஹோஸ்ட்டையும் நிறுத்தினேன். புராசஸ் கையை விட்டது. சாயங்காலம் ஐந்தரைக்குத் திரும்ப ஏற்றினேன். எல்லாம் வந்தன, கணக்கு மட்டும் வரவில்லை. பேக்கிங் ஃபைலைத் திறக்க முடியவில்லை, அப்படி ஒரு ஃபைலே இல்லை என்று கன்சோலில் ஒரு வரி. அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. டிஸ்க் மட்டும் இப்போது நன்றாகக் காலியாக இருந்தது.

டேட்டாவை மீட்டுத் தருவதாகச் சொன்னவர் இரண்டு நாள் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். கணக்கைக் காப்பாற்றியது அக்கவுண்ட்ஸ் அக்கா. தினமும் சாயங்காலம் கிளம்புமுன் டேலியின் பேக்கப்பை ஒரு பென்டிரைவில் எடுத்து, டிபன் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவது அவர் வழக்கம். யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. "ஏனுங்க தம்பி, உங்க மெஷினை நம்பிட்டா நான் கணக்கு எழுதறேன்?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. வருகைப்பதிவுக்கு அப்படி ஓர் அக்கா இல்லை. பதினான்கு மாதப் பதிவும் போனது. டைம் ஆபீசில் அச்சடித்து வைத்திருந்த மஸ்டர் ரோல் கட்டுகளைத் தூசி தட்டி எடுத்து, இரண்டு பேர் நாள்கணக்கில் உட்கார்ந்து தட்டினார்கள். போனஸ் கணக்கு அதை வைத்துத்தான் போட வேண்டும். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் போனஸ் கைக்கு வந்தது. வரிசையில் நின்ற ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டு நான் ஓரமாக நின்றேன்.

இதை இவ்வளவு விரிவாகச் சொன்னது என்னை நீங்கள் திட்டுவதற்காக மட்டும் இல்லை. நம் வேலையின் அடிப்படை ஒன்று இதில் இருக்கிறது. கேவிஎம்மில் ஒரு விஎம் என்பது, ஹோஸ்ட்டின் பார்வையில், இன்னொரு லினக்ஸ் புராசஸ். பிஎஸ் அடித்தால் வரிசையில் தெரியும்; டாப்பில் தெரியும். நீங்கள் அதைத் தனிக் கம்ப்யூட்டராக நினைக்கிறீர்கள். கர்னல் அப்படி நினைப்பதில்லை. ஆகவே ஒரு புராசஸுக்கு என்னென்ன நேருமோ அத்தனையும் உங்கள் விஎம்முக்கும் நேரும். ப்ராக்ஸ்மாக்ஸின் அழகான திரையில் பச்சை விளக்கு எரிவதைப் பார்த்துப் பழகியவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

நினைவகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 64 ஜிபி உள்ள ஹோஸ்ட்டில் 80 ஜிபிக்கு விஎம்கள் போட்டிருப்பீர்கள். இருநூறு இலைக்குச் சமைத்துவிட்டு முந்நூறு பேருக்குப் பத்திரிகை வைப்பது போல. எல்லோரும் ஒரே பந்தியில் உட்காராதவரை கௌரவம் நிற்கும். மாதக் கடைசியில் சம்பளம், ஸ்டாக், ஜிஎஸ்டி எல்லாம் ஒரே ராத்திரி ஓடும்போது பந்தியில் இலை போதாது. அப்போது கர்னல் யாரையாவது எழுப்பி அனுப்ப வேண்டும். அதிக நினைவகம் பிடித்திருப்பவரைத்தான் முதலில் பார்க்கும். அது பெரும்பாலும் உங்கள் டேட்டாபேஸ் விஎம்தான். உள்ளே இருக்கும் விண்டோஸுக்குத் திடீரென்று கரண்ட் போன மாதிரி இருக்கும். அதன் பதிவேட்டில் காரணம் எதுவும் இருக்காது. நீங்கள் கெஸ்ட்டுக்குள்ளேயே இரண்டு நாள் தேடிக்கொண்டிருப்பீர்கள். காரணம் ஹோஸ்ட்டின் கர்னல் பதிவில், எந்தப் புராசஸைக் கொன்றேன் என்று பெயரோடு, ஒரே வரியில் எழுதிக் கிடக்கும்.

டிஸ்க்கும் அப்படித்தான். 500 ஜிபி என்று நீங்கள் கெஸ்ட்டுக்குச் சொன்ன க்யூகவ்2 ஃபைல், எழுத எழுதத்தான் வளரும். எல்லா கெஸ்ட்களும் தங்களிடம் நிறைய இடம் இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும்போதே ஹோஸ்ட்டின் டிஸ்க் முடிந்துபோகலாம். முடிந்தால் வழக்கமாக எழுதப் போன விஎம் அந்த இடத்திலேயே உறைந்து 'பாஸ்ட்' என்று நிற்கும். அழிந்துவிட்டது என்று பதறி அதை வலுக்கட்டாயமாக நிறுத்தாதீர்கள். ஹோஸ்ட்டில் இடம் உண்டாக்கிவிட்டு ரெஸ்யூம் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து நடக்கும். இடம் உண்டாக்கும் அவசரத்தில் எந்த ஃபைலை அழிக்கக் கூடாது என்பதைத்தான் மேலே சொல்லியிருக்கிறேன்.

வார்த்தைகளாலும் ஏமாறாதீர்கள். விர்ஷில் டெஸ்ட்ராய் என்ற கட்டளையைப் பார்த்துக் கை நடுங்கி அதைத் தொடவே மாட்டேன் என்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். அது செய்வது பிளக்கைப் பிடுங்குவது மட்டுந்தான். விஎம்மும் அதன் டிஸ்க்கும் இருந்த இடத்தில் இருக்கும். அன்டிஃபைன் என்பது சாதுவாகத் தெரிகிறது. அதுதான் விஎம்மின் வரையறையை அழிப்பது. அதனோடு ரிமூவ்-ஆல்-ஸ்டோரேஜையும் சேர்த்து அடித்தால் டிஸ்க்கும் போகும். ஸ்னாப்ஷாட் என்பதும் இப்படி ஒரு வார்த்தைதான். அது படம் எடுத்துப் பத்திரமாக வைப்பது போல ஒலிக்கிறது. உண்மையில் அது மூலத்தின்மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது. மூலம் இருக்கும் டிஸ்க் போனால் ஸ்னாப்ஷாட்டும் கூடவே போகும். விஎம்மை அப்டேட் செய்யுமுன் ஒன்று எடுங்கள், வேலை முடிந்ததும் கலந்துவிடுங்கள். ஒரு வாரத்துக்குமேல் ஒரு ஸ்னாப்ஷாட் உங்கள் ஹோஸ்ட்டில் கிடந்தால் ஏதோ ஒன்று பாதியில் நின்றிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு மனக்குறையும் உண்டு, உங்கள்மேல்தான். ஹோஸ்ட் எத்தனை நாளாக ரீபூட் ஆகாமல் ஓடுகிறது என்று பெருமையாக எனக்குப் படம் அனுப்புகிறீர்கள். 900 நாள், 1100 நாள். அத்தனை நாளாக அந்த ஹோஸ்ட்டின் கர்னல் புதுப்பிக்கப்படவில்லை என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். விஎம்களுக்கு நடுவே இருக்கும் சுவர் சிமெண்ட் சுவர் இல்லை. யாரோ எழுதிய குறிநிரல். 2015 மே மாதம் வெனம் என்று ஓர் ஓட்டை வெளியானது. கியூஎமு ஃபிளாப்பி டிரைவைப் பாவனை செய்யும் பகுதியில் அது 2004 முதல் கிடந்திருக்கிறது. ஃபிளாப்பியைக் கண்ணால் பார்த்திராத விஎம்மிலிருந்துகூட அதன் வழியே ஹோஸ்ட்டுக்குள் கை நீட்ட இடம் இருந்தது. 2023 பிப்ரவரியில் ஆயிரக்கணக்கான ஈஎஸ்எக்ஸ்ஐ சர்வர்களின் விஎம் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டார்கள். அவர்கள் நுழைந்ததாகச் சொல்லப்பட்ட ஓட்டைக்கு அடைப்பு 2021 பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. போடாமல் இருந்தார்கள், அவ்வளவுதான். விஎம்வேரை விட்டு வந்துவிட்டோம், நமக்கென்ன என்று இருக்காதீர்கள். வீட்டிலிருந்து பார்க்க வசதி என்று ப்ராக்ஸ்மாக்ஸின் 8006 போர்ட்டை நேராக இன்டர்நெட்டுக்குத் திறந்து வைத்திருப்பவர்கள் உங்களிலும் இருக்கிறீர்கள். ஒரு கெஸ்ட் போனால் ஒரு வேலை போகும். ஹோஸ்ட் போனால் அதன் வயிற்றில் இருக்கும் அத்தனையும் போகும்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். "அண்ணா, நேரம் எங்கே இருக்கிறது? இன்னொரு சர்வர் கேட்டால் மூன்று மாதம் ஃபைல் மேஜையில் தூங்குகிறது. ரீபூட் செய்ய ஒரு மணி நேரம் கேட்டால், ஏன் ஓடறதைத் தொடறீங்க என்கிறார்கள். ஒன்றும் நடக்காதவரை நாங்கள் அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாது. நடந்துவிட்டால் எங்களைத் தவிர யாரையும் தெரியாது." ஒரு வார்த்தையும் பொய் இல்லை. முதலாளிகள் இதைப் படித்தால் அவர்களிடம் சொல்ல எனக்கு வேறு ஒரு மடல் அளவுக்கு இருக்கிறது. ஆனால் அவர்கள் மனம் மாறும்வரை காத்திருக்க உங்கள் டிஸ்க்குக்குப் பொறுமை இல்லை. ஆகவே, பட்ஜெட் கேட்காமல், அனுமதிக் கடிதம் எழுதாமல், நீங்களே செய்துகொள்ளக்கூடிய ஒன்றை மட்டும் கேட்கிறேன்.

மாதம் ஒரு நாள், ஒரே ஒரு விஎம்மை, அதன் பேக்கப்பிலிருந்து வேறொரு மெஷினில் எழுப்பிப் பாருங்கள்.

பேக்கப் முடிந்ததாகச் சொல்லும் பச்சை டிக்கை நான் கேட்கவில்லை. இப்போதைய கருவிகள் என் காலத்து ஸ்கிரிப்ட்டைவிட எத்தனையோ மேல். ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர் தான் எழுதியதைத் தானே சரிபார்த்தும் சொல்லும். ஆனாலும் எழுதியது கெடாமல் இருக்கிறது என்பது ஒன்று. அதை வைத்து அக்கா நாளைக்கு பில் போட முடியும் என்பது வேறு ஒன்று. இரண்டாவதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி எழுப்பிப் பார்ப்பதுதான்.

அதற்குப் புது சர்வர் வேண்டாம். ஸ்டோரில் கிடக்கும் ஒரு பழைய டெஸ்க்டாப் போதும். பயாஸில் விர்ச்சுவலைசேஷனை இயக்கி, 16 ஜிபி நினைவகமும் ஒரு டிஸ்க்கும் போட்டு, லினக்ஸை ஏற்றுங்கள். எழுப்பும் விஎம்மின் நெட்வொர்க் கார்டை முதலில் கழற்றிவிடுங்கள். இதை மறந்தால், ஒரே ஐபியில் இரண்டு டேட்டாபேஸ் உட்கார்ந்து, பயிற்சிக்காகச் செய்தது நிஜ விபத்தாகிவிடும். பிறகு ஏற்றுங்கள்.

முதல் தடவை ஏறாது. என்னுடையது ஏறவில்லை. பழைய ஹோஸ்ட்டில் பிரிட்ஜின் பெயர் ஒன்று, டெஸ்க்டாப்பில் வேறு ஒன்று, லிப்வர்ட் மறுத்தது. அதைத் திருத்தினால், எப்போதோ விண்டோஸ் நிறுவியபோது செருகிய ஐஎஸ்ஓ ஃபைலைக் காணவில்லை என்று மறுத்தது. இல்லாத ஒரு சிடிக்காக மொத்த விஎம்மும் எழுந்திருக்க மாட்டேன் என்றது. இன்னொன்றுக்கு டிஸ்க் மட்டும் பேக்கப்பில் இருந்தது. அதன் எக்ஸ்எம்எல் வரையறை ஹோஸ்ட்டோடு நின்றுவிட்டது. எத்தனை சிபியு, எந்த பூட் முறை, எந்த டிஸ்க் எந்தக் கன்ட்ரோலரில் என்று ஞாபகத்திலிருந்து கட்ட வேண்டியிருந்தது. எல்லாம் ஏறியபின் விண்டோஸ் கடவுச்சொல் கேட்டது. கடவுச்சொற்களை நான் வைத்திருந்தது இன்னொரு விஎம்மில். முதல் தடவை எனக்கு ஆறு மணி நேரம் ஆனது. மொத்த ஆபீசும் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருக்கும் ஒரு நாளில் அந்த ஆறு மணி நேரம் உங்களுக்கு வேண்டாம். இப்போதே, டீ குடித்துக்கொண்டே, அதைச் செலவழித்துவிடுங்கள்.

எழுந்தபின் நீங்களே பார்த்துச் சரி என்று சொல்லிவிடாதீர்கள். விண்டோஸ் திரை வந்துவிட்டதே என்று நமக்குத் திருப்தியாகிவிடும். அந்த மென்பொருளில் தினமும் உழலும் ஆளைக் கூட்டிவந்து உட்காரவையுங்கள். கடைசி வவுச்சர் எண் என்ன, அது எந்தத் தேதி என்று அவர் பார்க்கட்டும். ஒரு தடவை எங்கள் அக்கா பார்த்துவிட்டு, "இது போன மாசத்துது தம்பி" என்றார். எனக்குத் தெரிந்தே இருக்காது. என் கண்ணுக்கு எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பேக்கப் ஜாப் வேறொரு டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டிருந்தது.

செய்ததை ஒரு தாளில் எழுதுங்கள். எந்த விஎம், எந்த பேக்கப், என்னென்ன கட்டளை எந்த வரிசையில், எத்தனை நிமிடம். அச்சடித்து ரேக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். கம்ப்யூட்டரிலேயே வைக்க வேண்டாம். வீடு பூட்டிக்கிடக்கும்போது சாவி வீட்டுக்குள் இருந்து பயனில்லை. ஆறு மாதம் போனபின், அந்தத் தாளைக் கையில் கொடுத்து வேறு ஒருவரைச் செய்யச் சொல்லுங்கள். ஸ்டோர் கீப்பரோ, புதிதாகச் சேர்ந்த டிப்ளமோ பையனோ, யாராக இருந்தாலும் சரி. நீங்கள் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். அவர் எங்கே திணறுகிறாரோ அங்கே உங்கள் தாளில் ஒரு வரி குறைகிறது. அந்த வரியை எழுதிச் சேர்த்த பிறகுதான் உங்கள் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் நீங்கள் போனை வைத்துவிட்டு வீட்டில் இருக்க முடியும். ஒற்றை ஆளாக இருக்கும் நமக்கு யாரும் லீவு கொடுக்க மாட்டார்கள். இப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எந்த நாளில் செய்வது என்று யோசிக்கவும் வேண்டாம். எங்கள் இடத்தில் பராமரிப்பு மின்தடை நாளுக்கு முந்தின சாயங்காலம் என்று வைத்திருக்கிறோம். மறுநாள் எல்லாவற்றையும் நிறுத்தத்தான் போகிறோம். திரும்ப எழாமல் போகக்கூடிய நாள் அதுதான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதே மின்தடையைச் சாக்காக வைத்து ஹோஸ்ட்டின் கர்னலையும் புதுப்பித்துக்கொள்கிறேன். அன்றைக்கு ரீபூட்டுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ரேக் கதவில் இப்போது ஏழாவது தாள் ஒட்டியிருக்கிறது. ஆறு மணி நேரம் என்று தொடங்கிய கணக்கு விஎம், கடைசி வரியில் 41 நிமிடம் என்று இருக்கிறது. பக்கத்தில் அக்காவின் இனிஷியல் இருந்த இடத்தில் இப்போது அவருக்குப்பின் வந்த பெண்ணின் இனிஷியல். அக்கா ஓய்வு பெறும்போது அந்தப் பெண்ணிடம் ஒரு பென்டிரைவையும் கொடுத்துவிட்டுத்தான் போனார். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

உங்கள் பகுதிக்கு இந்த மாதம் மின்தடை என்றைக்கு என்று பேப்பரில் பாருங்கள். அதற்கு முந்தின சாயங்காலம் ஒரு விஎம்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்
கோவை